பின்வார் வைத்த செருப்பு

மாலை ஐந்து நாற்பது. ஜீப்பு நின்ற இடத்துக்கும் அத்தை நின்றுகொண்டிருந்த இடத்துக்கும் நடுவே, சாலையில், நீல வார் போட்ட ரப்பர் செருப்பு ஒன்று கிடந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். பிறகுதான் அத்தையின் கால்களைப் பார்த்தேன். வலது காலில் செருப்பு இருந்தது. இடது கால் வெறுங்கால். அப்படியே இருபது அடி நடந்து வந்திருக்கிறார். அவருக்குத் தெரியவில்லை.

"யக்கா, ஒத்தச் செருப்போட எந்தூருப் பயணம்?" ஜீப்பின் பின்னாலிருந்து ஒருத்தி கத்தினாள். இறங்கிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அத்தை குனிந்து காலைப் பார்த்தார். அரை நொடி அவர் முகத்தில் எதுவும் இல்லை. உடனே வாய் வந்துவிட்டது.

"வாரு தேஞ்சு போச்சுடி. ஒங்க வாயி மாதிரி கெட்டியா இருந்தா அது ஏன் கழலுது? எடுத்துக் கொண்டா."

அப்போது நான் மதுரையிலிருந்து வந்த ஒரு நாளிதழுக்குப் போடியில் பகுதி நேர நிருபர். செய்திக் கவரை ஆறு மணி மதுரை பஸ்ஸில் கொடுத்து அனுப்புவதற்காகத் தினமும் அந்த நேரத்தில் பஸ் நிலையத்து வாசலில் நிற்பேன். எழுபதுகளின் கடைசி. செருப்பை ஒரு பெண் எடுத்துவந்து போட, அத்தை காலை அதற்குள் நுழைக்கப் பார்த்தார். இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை கையால் பிடித்து மாட்டினார்.

அவர் என் அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை. எங்கள் தெருவிலேயே மூன்று வீடு தள்ளி இருந்தார். கணவர் இல்லை. ஒரே மகளைத் தேவாரத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். ஏலத்தோட்டத்துக்கு ஆள் கூட்டிப் போகும் கங்காணி. விடியுமுன் பதினாறு பெண்களைத் திரட்டி ஜீப்பில் ஏற்றி, முந்தல் வழியாக வளைவுகள் ஏறி, போடிமெட்டுக்கு அப்பால் கேரளப் பக்கத்து எஸ்டேட்டில் இறக்கி, காய் எடுக்க வைத்து, மாலையில் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. தூரில், மண்ணோடு மண்ணாகக் காய்க்கும். ஈரத்தில் குந்தி உட்கார்ந்துதான் எடுக்க வேண்டும். குந்துகிறவர்கள் வெறுங்காலோடு இருந்தார்கள். நின்று வேலை வாங்குகிறவர் மட்டும் செருப்பு போட்டிருந்தார். ஜீப்பின் முன்சீட்டும் அவருக்குத்தான். இந்த இரண்டும் அவர் இருபது வருடம் குந்தியிருந்து சம்பாதித்தவை.

அவரிடம் காரணம் இல்லாத காரியம் கிடையாது. ஜீப்பு நடுவழியில் நின்றால், டிரைவர் மெட்டுச் சாமியைக் கும்பிடாமல் திரும்பினான் என்பார். தெருவில் ஒரு சம்பந்தம் முறிந்தால், நிச்சயத்தன்று பாயசத்தில் உப்பு கரித்தது என்பார். நான் அனுப்பிய செய்தி அச்சாகாத அன்று, "நீ செத்தவன் பேரைக் கடைசியில எழுதியிருக்க மாப்ளே. முன்னால எழுதியிருந்தா போட்டிருப்பாக" என்றார். அந்த ஒன்றில் அவர் சொன்னது சரி.

உடம்புக்கு வரும் எதற்கும் அவரிடம் இரண்டே காரணங்கள். மேலே இருந்தால் குளிர். கீழே இருந்தால் சூடு. இது அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. காலையில் கம்பளியும் மாலையில் விசிறியுமாக ஒரே நாளில் இரண்டு சீதோஷ்ணத்தில் வாழ்கிற ஊர் முழுக்க அப்படித்தான் பேசியது. மலையில் கால் இழுத்தால் குளிர் பிடித்தது. ஊரில் இழுத்தால் சூடு பிடித்தது. ஒரு நோய் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் என்ன அர்த்தம் என்று யாரும் கேட்கவில்லை. கேள்வி கேட்பதையே தொழிலாக வைத்திருந்த நானும் கேட்கவில்லை.

செருப்பு அந்த மாதம் மூன்று முறை கழன்று விழுந்தது. நான்காவது முறைக்கு முன் அத்தை பஸ் நிலையத்துச் செருப்புத் தைப்பவரிடம் போய், குதிகாலைச் சுற்றி ஒரு தோல் வார் வைத்துத் தைத்துக்கொண்டார். குழந்தைகளின் செருப்பில் இருப்பது போல.

"இப்ப எப்படிக் கழலுதுன்னு பாக்குறேன்" என்றார்.

செருப்பு கழலவில்லை. கால் கழன்றுகொண்டிருந்தது.

ஜீப்பின் படியில் கால் வைக்கும்போது கையால் தொடையைத் தூக்கி வைத்தார். படி உயரமாகிவிட்டது, டிரைவர் புது டயர் போட்டிருக்கிறான் என்றார். இடுப்புக்கு மேலே கயிறு போட்டு இறுக்கியது போல இருக்கிறது என்றார். காய்ச் சாக்கை வருஷக்கணக்கில் கட்டிய இடுப்பு, பழக்கதோஷம் என்றார். ஒன்றுக்கு அடக்க முடியாமல் செடிக்குள் ஓடினார். ஓடவும் முடியவில்லை. மலைக்குளிருக்கு எல்லாருக்கும் அப்படித்தான் என்றார். எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் ஒரே கோடு தெரிந்திருக்கும். அவர் சேர்த்து வைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் அன்றைக்கே ஒரு காரணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

காய் உலர்த்தும் ஸ்டோரில் நடந்ததை ஜீப்பு டிரைவர் சொன்னான். ஸ்டோருக்குள் செருப்பு போடக்கூடாது. அடுப்பு வாயில் சிதறிக் கிடந்த கங்கின் மேல் அத்தை இடது காலை வைத்து நின்று, எடை போடுகிறவரோடு பேசிக்கொண்டிருந்தார். மலையாளத்து மேஸ்திரிதான் முதலில் பார்த்து, என்ன ஆயிற்று என்று பதறினார்.

"சேச்சி, காலு! எந்து பற்றி?"

அத்தை காலை எடுத்தார். அவசரமாக அல்ல; சாதாரணமாக எடுத்தார்.

"ஒண்ணும் பற்றியில்ல சாரே. காப்புக் காய்ச்ச காலு."

"அண்ணே, தோலு வெந்து தொங்குது, அந்தக்கா காயி எடை கொறையுதுன்னு சண்டை போட்டுக்கிட்டு நிக்கிது" என்றான் டிரைவர். அவன் சிரிக்கவில்லை.

கால் மரத்துப்போயிருக்கிறதா என்று அத்தையிடம் நேராகக் கேட்டேன். அதுவரை எனக்குச் சாதாரணமாகப் பதில் சொல்லி வந்தவர், அன்று எழுந்து உள்ளே போய்விட்டார். காரணம் சொல்லாமல் அவர் விட்ட ஒரே கேள்வி அது. ஏன் என்று புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

இரண்டு வருடத்துக்கு முன் அவருடைய ஆட்களில் ராசிங்காபுரத்துப் பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் பஞ்சவர்ணம். கணுக்காலுக்கு மேலே தேமல் மாதிரி வெளுத்த இடம். மெட்டில் ஜீப்பு நின்றபோது யாரோ கொதிக்கும் தேநீரைக் கொட்டிவிட்டார்கள். அந்த இடத்தில் விழுந்தது. பஞ்சவர்ணம் துடிக்கவில்லை. அத்தை பார்த்துவிட்டார்; மரத்த தேமல் என்றால் ஊருக்குக் குஷ்டம்தான். மறுநாள் காலை ஐந்தரைக்கு, எல்லோர் முன்னாலும், பின்பலகையைப் பிடித்து ஏறப்போனவளைத் தடுத்தார்.

"காலு மரத்தவளுக்கு ஏஞ் ஜீப்புல எடமில்ல. பெருவியாதிய எஸ்டேட்டுக்குக் கொண்டுபோயி எம்பேரக் கெடுக்கவா? எறங்கு."

பஞ்சவர்ணம் இறங்கினாள். தூக்குச்சட்டியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள். மற்ற பதினைந்து பேரில் ஒருவர்கூட ஒன்றும் சொல்லவில்லை. நான் எதிரே டீக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். நானும் சொல்லவில்லை.

அத்தைக்கு இப்போது கால் மரத்திருந்தது. அதை ஒப்புக்கொண்டால், அவர் வாயாலேயே அவருக்கு ஜீப்பில் இடமில்லை.

புரட்டாசியில் அவரை வற்புறுத்தி எங்கள் ஊர் டாக்டரிடம் அழைத்துப் போனேன். முதல் முறை அவர் சிவப்பு ஊசி போட்டார். சத்து ஊசி. பத்து ஊசி போட்ட பிறகு அத்தை, "பறக்குறேன் மாப்ளே" என்றார். பறக்கவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்துதான் அதைச் சொன்னார். இரண்டாம் முறை டாக்டர் முழங்காலில் சிறிய சுத்தியலால் தட்டினார். கால் எகிறி அவருடைய மேசையில் இடித்தது. டாக்டர் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு, ஒரு தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"இது என் கைக்கு மீறினது. மதுரையில நரம்புக்குன்னு தனியா டாக்டர் இருக்கார். இதை அவர்கிட்டக் குடுங்க. தள்ளிப் போடாதீங்க."

வெளியே வந்ததும் அத்தை நின்றார்.

"நரம்பு டாக்டர்னா யாரு? கிறுக்குக்குப் பாக்குறவரா?"

"இல்ல அத்தை. அது வேற. இது கை, காலு, முதுகுத் தண்டு."

"எல்லாம் எனக்குத் தெரியும். மேலத் தெருக்காரனை நரம்புன்னு சொல்லித்தான் கூட்டிப்போனாக. கரண்டு வச்சு அனுப்புனாக. எனக்கென்ன கிறுக்கா? நாக்கு வெளங்குதா இல்லையா? சொல்லு."

நாக்கு நன்றாகவே விளங்கியது. கடிதத்தை நான்காக மடித்துச் சுருக்குப்பையில் வெற்றிலைக்கும் பாக்குக்கும் நடுவே வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு நான் கேட்டதும் அவர் சொன்னதும் இப்போதும் வரிசையாக நினைவில் இருக்கின்றன. ஐப்பசியில் கேட்டேன். "காயெடுப்பு நடுவுல விட்டுட்டு வந்தா எஸ்டேட்டுக்காரன் வேற ஆளை வச்சுருவான்." கார்த்திகையில் கேட்டேன். "மழை. ரோடு சரிஞ்சு கெடக்கு." சரிந்து கிடந்தது மலைக்குப் போகும் ரோடு. மதுரைக்குப் போகும் ரோடு எதிர்ப்பக்கம். மார்கழியில் கேட்டேன். "பீடை மாசம். ஆசுபத்திரி வாசலை மிதிப்பாகளா?" தையில் மகளுக்குப் பிரசவம். மாசியில் செடிகளுக்குக் கவாத்து. பங்குனியில், "வீரபாண்டித் திருவிழா முடியட்டும் மாப்ளே. ஆத்தாளுக்குத் தீச்சட்டி எடுக்குறதா நேந்திருக்கேன். எடுத்தா எல்லாஞ் சரியாயிரும்."

தீச்சட்டியைப் பிடிக்கக் கைகள் இருந்தன. நடக்கக் கால்கள் வேண்டும். இதை நான் சொன்னபோது, "பேப்பர்க்காரனுக்கு எல்லாத்துலயும் எழுத்துப் பிழை பாக்குறதே சோலி" என்றார்.

ஒவ்வொரு நாளும் ஆறு மணிக்கு நான் ஒரு கவரை மதுரை பஸ் கண்டக்டரிடம் கொடுத்தேன். வாய்க்கால் தகராறு, பஞ்சாயத்துக் கூட்டம், தேவாரத்தில் யானை மிதித்த தென்னங்கன்றுகள். ஒன்று தவறாமல் எல்லாம் மதுரை போய்ச் சேர்ந்தன. சுருக்குப்பையில் இருந்த கடிதம் தினமும் போடிமெட்டு ஏறி இறங்கியது.

ஜீப்பிலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. பெண்கள் அவரை மறைத்தார்கள். இரண்டு பேர் முன்னால் நின்று பேச்சுக் கொடுக்க, ஒருத்தி பின்னாலிருந்து அவர் இடுப்பைப் பிடித்து ஏற்றிவிடுவாள். எஸ்டேட்டில் ஒரு மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு, மேஸ்திரி வந்தால் குரல் கொடுப்பார்கள். அன்பினால்தான் செய்தார்கள். அந்த அன்பு அவருடைய காலில் ஆறு மாதத்தைத் தின்றது.

பங்குனிக் கடைசியில் சந்தையில் பஞ்சவர்ணத்தைப் பார்த்தோம். நான் அத்தைக்குப் பை தூக்கப் போயிருந்தேன். அத்தை என் தோளைப் பிடித்திருந்தார். பஞ்சவர்ணம் எதிரே வந்தாள். அத்தையின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். செருப்பின் பின்வாரைப் பார்த்தாள். அவளுடைய காலிலும் செருப்பு இருந்தது. கறுப்பு ரப்பர். அதிலும் குதிகாலைச் சுற்றி ஒரு வார்.

"யக்கா, பின்வாரு யாரு வச்சுக் குடுத்தா?"

"ஏன், ஒனக்கும் வேணுமா?"

"எனக்கு வண்டியிலயே குடுக்குறாக. மாசாமாசம் மாத்திரை குடுக்க வர்ற வண்டி. காலு தெரியாதவுகளுக்குன்னே பின்வாரு வச்சுத் தைக்கிறாக, கழண்டு விழுந்தா தெரியாதுல்ல." குரலைத் தாழ்த்தினாள். "ஒளிக்காதக்கா. நானும் ஒரு வருசம் ஒளிச்சேன். வெரசாப் போயிக் காட்டு. எனக்கு இருக்கிறதா இருந்தா மாத்திரை இருக்கு. வேற எதுவுமா இருந்தாலும் அவுகளே சொல்லிருவாக."

சந்தையில் நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை என் தோளை விட்டார். தனியாக நின்றார்.

"என்னைய ஒஞ் சேக்காளியாக்கப் பாக்குறியா? போடி அங்கிட்டு."

பஞ்சவர்ணம் கூட்டத்துக்குள் போனாள். அவள் நன்றாக நடந்தாள். அத்தை அந்த இடத்திலிருந்து ஓர் அடி எடுத்து வைக்க, நான் மறுபடி தோளைக் கொடுக்க வேண்டியிருந்தது. அன்றே அவரைக் கட்டித் தூக்கிப் பஸ்ஸில் போட்டிருக்க வேண்டும். செய்யவில்லை. திருவிழா முடியட்டும் என்று நானும் நினைத்தேன்.

திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது, காலை ஐந்தரைக்கு ஜீப்பு வந்து ஹார்ன் அடித்தது. அத்தை வரவில்லை. சத்தம் கேட்டு நானும் போனேன்; கதவைத் தள்ளிப் பார்த்தோம். கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். இரண்டு கால்களும் கட்டைபோல் நீட்டியிருந்தன. முந்தின நாள் மதியத்திலிருந்து ஒன்றுக்குப் போகவில்லை. வயிறு பானையாக உப்பியிருந்தது.

"கட்டில் கயிறு தளந்துபோச்சு மாப்ளே. அதான் வழுக்கிட்டேன்" என்றார்.

டிரைவர் என்னைப் பார்த்தான். பிறகு பின்னால் இருந்த பெண்களை எல்லாம் இறங்கச் சொன்னான். அவரை முன்சீட்டில் தூக்கி வைத்தோம். ஜீப்பு மலைப்பக்கம் திரும்பாமல் தேனி ரோட்டில் திரும்பியது.

மதுரைப் பெரியாஸ்பத்திரியில் அந்த நரம்பு டாக்டர் முதலில் கடிதத்தைக் கேட்டார். சுண்ணாம்பும் வெற்றிலைக் கறையுமாக, மடிப்புகளில் கிழிந்திருந்தது. படித்துவிட்டுத் தேதியை இரண்டாவது முறை பார்த்தார்.

"இது போன வருஷம் புரட்டாசியில எழுதினது."

"ஆமாம்" என்றேன்.

அவர் ஒரு சாவியை எடுத்து உள்ளங்காலில் கீறினார். கட்டைவிரல் மெதுவாக மேல்நோக்கி நிமிர்ந்தது. ஒரு குண்டூசியால் பாதத்திலிருந்து மேலே குத்திக்கொண்டே வந்தார். முழங்கால், தொடை, தொப்புள். தொப்புளுக்கு நான்கு விரல் மேலே அத்தை "ஸ்" என்றார். அந்த இடத்தில் பேனாவால் கோடு போட்டார்.

"கால் எப்போதிருந்து இப்படிம்மா?"

"மேல போனா குளிருக்கு மரக்கும். கீழ வந்தா சூட்டுக்கு மரக்கும்."

"மேலயும் மரக்கும், கீழயும் மரக்கும். அப்ப அதுக்குக் காரணம் குளிரும் இல்ல, சூடும் இல்லையேம்மா."

டாக்டர் என்னிடம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை.

"கால்ல வலு குறைஞ்சாலோ, மரத்துப்போன எல்லை மேல ஏறினாலோ, அதோட ஒண்ணுக்குப் போறதுல மாற்றம் வந்தாலோ, அப்பவே கொண்டுவரணும். திருவிழா, அறுவடை எதையும் பார்க்கக் கூடாது. கடைசியில சொன்னது வந்தா நாள்கணக்கு இல்ல, மணிக்கணக்குதான் நேரம்."

அப்போது அத்தை அவருடைய வெள்ளைக் கோட்டின் நுனியைப் பிடித்தார். நான் அதுவரை கேட்டிராத ஒரு சின்னக் குரல்.

"அய்யா, இது பெருவியாதியா?"

"குஷ்டமா? இல்லவே இல்ல. முதுகுத்தண்டுக்குள்ள ஏதோ அழுத்துது. கட்டியா இருக்கும்னு நினைக்கிறேன். குஷ்டத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அதுவா இருந்திருந்தாலும் மாத்திரை இருக்கு."

அத்தை சிரித்தார். கண்ணில் தண்ணீர் வழிய, படுத்தபடியே, வாயை மூடாமல் சிரித்தார்.

"கேட்டியா மாப்ளே? இல்லையாம்."

முதுகில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். மறுநாள் அறுவைசிகிச்சை. கட்டி பாதி நெல்லிக்காய் அளவு இருந்தது. புற்று அல்ல. முழுவதும் எடுத்துவிட்டார்கள், திரும்ப வராது என்றார்கள். ஏழு மாதம் முன்னால் வந்திருந்தால் நடந்திருப்பாரா என்று வராந்தாவில் டாக்டரிடம் கேட்டேன்.

"அதைத் தெரிஞ்சு இனிமே என்ன பண்ணப் போறீங்க?" என்றார்.

கைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நாக்குக்கும் ஆகவில்லை. ஒன்றுக்குப் போவது ஓரளவு சரியானது. இரண்டு ஊன்றுகோலோடு வாசல் வரை வந்து நாற்காலியில் உட்காரும் அளவுக்குக் கால் திரும்பியது. அதற்குமேல் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதற்கும் அவரிடம் காரணம் இருந்தது. "கத்தி வச்ச அன்னிக்கு அஷ்டமி மாப்ளே. நான் சொன்னேன், அந்த நர்சுப்புள்ள கேக்கல." எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாமல், அன்று முழுக்க அவரோடு பேசவில்லை.

ஆடியில் காயெடுப்பு தொடங்கியது. முதல் நாள் காலை ஐந்தரைக்கு ஜீப்பு எங்கள் தெருவுக்குள் வந்தது. அத்தை அதற்கு முன்பே எழுந்து வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பின்னால் பதினைந்து பெண்கள் இருந்தார்கள். முன்சீட்டில், கங்காணி உட்காரும் இடத்தில், பஞ்சவர்ணம் இருந்தாள். அவள் காலில் கறுப்புச் செருப்பு இருந்தது, பின்வார் வைத்தது.